எண்ணாக எழுதப்பட்ட மனிதர்

மன்னனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. அவன் வென்ற போரும், கொண்ட நாடும், கொடுத்த கொடையும் கல்லில் வெட்டப்பட்டு நிற்கின்றன. கோயிலில் நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடுகளை விட்டவனுக்கும் கல்வெட்டு உண்டு. வேள்வி வளர்த்தவனுக்குக் கோத்திரம் உண்டு. அதைச் சொல்லியே தன் குலத்தை ஏதோ ஒரு முனிவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். ஆனால், அந்தக் கல்லைச் சுமந்து வந்தவனுக்கு என்ன உண்டு? அந்த ஆடுகளை மேய்த்தவனுக்கு என்ன உண்டு? அந்த வேள்விக்கு வேண்டிய நெல்லை விளைவித்தவனுக்கு என்ன உண்டு?

ஒன்றும் இல்லை. அவனுடைய வழிவந்த ஒருவனை நிறுத்தி, "உன் பாட்டனுக்குத் தந்தை யார்? அவர் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சற்றுநேரம் வானத்தைப் பார்ப்பான். பிறகு, "யாருக்குத் தெரியும்?" என்பான். ஊரையே உழுது விளைவித்தவனுக்கு ஊர் ஏட்டில் ஒரு வரி இல்லை!

தோழர்களே! அப்படி வானத்தைப் பார்த்து நிற்க மறுத்த ஓர் அம்மையாரைப் பற்றியும், அவர் ஏடு ஏடாகத் தேடிக் கண்ட ஒரு மனிதரைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். நான் பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பிப்பவன். சென்ற கோடை விடுமுறையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து அந்த அம்மையார் எங்கள் ஊருக்கு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தமிழில் 'ஆயா', 'சோறு', 'தண்ணி', 'சாமி' என்னும் நான்கைந்து சொற்களே அவரிடம் மிச்சம். மற்றதெல்லாம் ஆங்கிலம். "தம்பி, என் பூட்டனார் எந்த ஊர் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?" என்று கேட்டுக் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பழைய பதிவேடு ஒன்றின் படி அது. அதில் முதலில் இருந்தது பெயரன்று, ஓர் எண்!

எண் ஏன் வந்தது? அதை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டே நடைமுறைக்கும் வந்தது. அடிமைகள் விடுதலை பெற்றனர். ஆனால் கரும்புத் தோட்டங்களின் பசி அடங்கவில்லை. சங்கிலி பூட்டாமல் ஆட்களைக் கொண்டுவர வழி தேடினர். 'ஒப்பந்தம்' என்ற சொல் கிடைத்தது. 1834 முதல் மொரீசியசுக்கு இந்தியத் தொழிலாளர் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டனர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வெள்ளைத் தோட்டக்காரர்கள் கரும்பு நட்டபோது, அங்கே வாழ்ந்த சூலு மக்கள் அந்த வேலைக்கு வர மறுத்தனர். அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, சொந்த மாடுகள் இருந்தன; பிறனுடைய கரும்புக்கு முதுகை வளைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. நிலமும் மாடும் இல்லாதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தனர். சென்னைத் துறைமுகம் கண்ணில் பட்டது!

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் டர்பனை அடைந்தது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலில் இறக்கப்பட்ட இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள்; தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். மேஸ்திரி ஊர் ஊராகச் சென்று ஆள் பிடித்தான். பஞ்சம் அவனுக்குத் துணை நின்றது. கடன் அவனுக்குத் துணை நின்றது. கீழ்த்தெருவில் பிறந்தவனைக் கிணற்றருகே வரவிடாத வழக்கமும் அவனுக்குத் துணை நின்றது. பிடிபட்டவர்கள் டிப்போவில் அடைக்கப்பட்டனர். அங்கே மருத்துவர் பார்த்தார், எழுத்தர் எழுதினார். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் 10 சில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு சில்லிங் உயர்வு. அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் அளந்து தரப்படும். இவ்வளவுதான் ஒரு மனிதனின் விலை!

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தனர். ஒன்றில் தொடங்கி ஓரிலட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்தைத் தாண்டும் வரை தொடர்ந்து ஓடியது அந்த எண் வரிசை. ஆட்டுக்குக் காது அறுத்து அடையாளம் வைப்பார்கள் அல்லவா? அதைப் போன்றதே இது. ஆள் தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடிக்க, இறந்தால் கணக்கை முடிக்க, ஒப்பந்தம் முடிந்தால் திருப்பி அனுப்ப அந்த எண் வேண்டியிருந்தது. பெயரை அவர்களால் ஒலிக்கவும் முடியவில்லை. ஒலிக்க வேண்டுமென்ற எண்ணமும் இல்லை. எண் போதும் என்று இருந்தார்கள்.

அம்மையார் கொண்டுவந்த தாளில் எண்ணை அடுத்துப் பல கட்டங்கள் இருந்தன. பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்பன அந்தக் கட்டங்கள். ஆண்டு 1890-களின் இறுதி. வயது 24. இடது முழங்காலில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பைக் குறித்தவன் அன்பினாலா குறித்தான்? ஓடிப்போனால் பிடிப்பதற்குக் குறித்தான். எனினும், நான்கு தலைமுறைக்குப் பின்னர் ஒரு பெண், தன் பூட்டனாரின் உடலைப் பற்றி அறிந்த ஒரே செய்தியாக அந்தத் தழும்பைத் தன் விரலால் தொட்டுப் பார்க்கிறார். பகைவன் வைத்த குறி, உறவுக்காரியின் கையில் அரிய பொருளாகிவிட்டது!

ஆனால், "இவர்தான் உங்கள் பூட்டனார் என்று எப்படித் துணிந்தீர்கள்?" என்று கேட்டேன். ஒரே பெயரில் எத்தனையோ பேர் அந்த ஏடுகளில் இருப்பார்கள் அல்லவா? அம்மையார் முறுவலித்தார். ஐந்தாண்டுகள் இதற்காகவே செலவிட்டதாகச் சொன்னார். அவர் சென்ற வழியை என் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தலாம்.

முதலில் வீட்டில் தேடினார். பாட்டியின் தகரப் பெட்டியில் மூன்று பொருள்கள் கிடைத்தன. பெயர் பொறித்த பித்தளைச் செம்பு ஒன்று. ஒரு திருமணச் சான்று. நான்காக மடித்த ஒரு வரி ரசீது. ரசீதில் எண் இருந்தது. அந்த எண்ணைக் கொண்டு டர்பனில் கப்பல் பட்டியலைப் பார்த்தார். பெயரும் வயதும் ஒத்துவந்தன. அதோடு அவர் நிற்கவில்லை. பூட்டனாருடைய முதல் மகனின் பெயரை எடுத்துப் பார்த்தார். கப்பல் பட்டியலில் 'தந்தை பெயர்' என்ற கட்டத்தில் எந்தப் பெயர் இருந்ததோ, அதே பெயர்! பாட்டன் பெயரைச் சுமப்பதனால்தானே நம் மொழியில் 'பெயரன்' என்கிறோம். அதுவே பேச்சில் 'பேரன்' ஆயிற்று. கடல் கடந்த ஏழை தன் தந்தையின் பெயரைத் தன் மகனுக்கு இட்டு வைத்தார். எழுதப்படிக்கத் தெரியாத அவர், தம் வழித்தோன்றலுக்கு விட்டுச் சென்ற ஓலை அது. பிறகு அவருடைய இறப்பு அறிவிப்பைப் பீட்டர்மாரிட்சுபர்க் நகரின் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தார். பெற்றோர், மனைவி, மக்கள் பெயர்கள் அங்கேயும் ஒத்துவந்தன. ஒரு சான்று உரைத்ததை இரண்டாம் சான்று உறுதி செய்ய, இரண்டாம் சான்றை மூன்றாம் சான்று தாங்கியது. அப்போதுதான் நம்பினார்.

அந்த வரி ரசீதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேட்டால் அரசு 1895-இல் ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்தம் முடிந்தவன் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மீண்டும் ஒப்பந்தத்தில் கட்டுப்பட வேண்டும். இரண்டும் இன்றித் தன் விருப்பம்போல் வாழ விரும்பினால், ஆண்டுதோறும் 3 பவுன் வரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்றால் அறுபது சில்லிங். மாதம் பத்துச் சில்லிங் வாங்கியவனுக்கு ஆறு மாத உழைப்பு! மனைவிக்கும் தனியே மூன்று பவுன். 1903-இல் பதினாறு வயது வந்த மகனையும் பதின்மூன்று வயது வந்த மகளையும் இந்த வரி தொட்டது. உரிமையோடு மூச்சு விடுவதற்கு வரி! 1913-இல் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கிக் கரும்புத் தோட்டம் வரை பரவிய வேலை நிறுத்தம் இதற்கு எதிராக எழுந்ததுதான். 1914-இல் வரி நீக்கப்பட்டது. காந்தியார் பெயரால் நாம் படிக்கும் அந்தப் போராட்டத்தின் தோள்கள், பெரும்பாலும் எண்களாக எழுதப்பட்ட இம்மனிதர்களின் தோள்கள்.

அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோகனசுபர்க்கில் பெற்றோருடன் வளர்ந்து, போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று 1914 பிப்ரவரி 22-இல் பதினாறே வயதில் மறைந்த வள்ளியம்மையை நாம் 'தில்லையாடி வள்ளியம்மை' என்று அழைக்கிறோம். தில்லையாடி அவளுடைய தாயின் ஊர்; அவள் பிறந்த மண் தென்னாப்பிரிக்கா. ஊர்ப்பெயர் ஒன்று கடல் தாண்டிச் சென்று ஒரு பெண்ணோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. வள்ளியம்மைக்கு ஊரும் பெயரும் கிடைத்தன. மற்ற ஓரிலட்சம் பேருக்கு?

இனி, குடும்பத்தில் வழங்கிய கதைக்கு வருவோம். அம்மையாரின் வீட்டில் ஒரு கதை தலைமுறை தலைமுறையாக ஓடிவந்தது. பூட்டனார் பெரிய நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. தந்தையோடு பிணங்கிக்கொண்டு, தம் செலவில் சீட்டு வாங்கிக் கப்பலேறினார். கூலியாகச் செல்லவில்லை, வாணிகம் செய்யவே சென்றார் என்பது கதை. கேட்பதற்கு இனிய கதை. கடல் கடந்த குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய கதைகள் உண்டு. ஏடு என்ன சொல்லிற்று? தம் செலவில் சென்றவர்க்கு ஒப்பந்த எண் இல்லை; இவருக்கு எண் உண்டு. வாணிகர்க்குத் தோட்டத்தின் பெயர் இல்லை. இவருக்குத் தோட்டத்தின் பெயர் உண்டு. நிலக்கிழார்க்குரிய பட்டம் இன்று அக்குடும்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கப்பல் பட்டியலில் அப்பட்டம் இல்லை. வரி ரசீதில் இல்லை. மகனின் திருமணச் சான்றில்தான் முதன்முதலில் தலை காட்டுகிறது!

பட்டியலில் சாதிக் கட்டமும் இருந்தது. அதில் எழுதியிருந்த சொல், ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட மக்களைக் குறிக்கும் சொல்.

அம்மையார் அந்தக் கட்டத்தைக் காட்டி, "முதலில் இதைக் கண்டபோது, ஏடு தவறு என்று நினைத்தேன். என் தந்தையிடம் சொல்லவே எனக்கு ஈராண்டுகள் ஆயின" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. கடல் கடந்தால் சாதி கெட்டுவிடும் என்று சாத்திரம் சொல்லிற்றாம்! கெட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கப்பலில் எல்லாரும் ஒரே சட்டியில் சமைத்ததை உண்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தார்கள். தீட்டு என்னும் பொய், பசியின் முன்னும் அலையின் முன்னும் நிற்க மாட்டாமல் ஓடிற்று. ஆனால், பட்டம் என்னும் பொய்க்கு நீந்தத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் தலைமுறையில் ஒருவர், தம் மகனுக்குப் பெண் கேட்கும்போதோ கடை வைக்கும்போதோ, இரவலாக ஒரு பட்டத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

அவரைப் பழிக்க என் நா எழவில்லை. பெயரைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறவன் இருக்கும்வரை, கதவைத் திறக்கும் பெயரைத் தேடுகிறவனும் இருப்பான். குற்றம் பெயரைப் போர்த்தவனிடம் இல்லை; பெயரால் மனிதனை அளந்தவனிடம் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானம் செய்தது. இங்கே பட்டத்தைக் கழற்ற மாநாடு கூடிற்று. ஏறத்தாழ அந்தக் காலத்திலேயே, கடலுக்கு அப்பால் ஓர் ஏழை அதைத் தேடி அணிந்தார். இரண்டும் ஒரே நோய்க்குத் தோன்றிய இருவேறு விளைவுகள்!

சாதிக் கட்டத்தையும் ஆராயாமல் நம்பிவிடக் கூடாது என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தொடக்க காலப் பட்டியல்களில் அந்தக் கட்டத்தில் 'மலபார்' என்றும் 'ஜென்டூ' என்றும் எழுதியிருக்கிறார்கள். அவை சாதிகளா? அல்ல. தமிழரையும் தெலுங்கரையும் குறிக்க அன்றைய ஆங்கிலேயர் வழங்கிய சொற்கள் அவை. எழுத்தர் கேட்டார், வந்தவர் ஏதோ சொன்னார், எழுத்தரின் காதில் ஏதோ விழுந்தது, ஏட்டில் ஏதோ ஏறிற்று. 'கவுண்டர்' என்பது தென்னாப்பிரிக்காவில் 'கோவெண்டர்' ஆனதும், 'முதலி' என்பது 'மூட்லி' ஆனதும் இவ்வகையில்தான். ழகரத்துக்கும் ளகரத்துக்கும் இடமில்லாத எழுத்தில் நம் ஊரும் பேரும் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆகவே, ஏடும் சாட்சிதான், நீதிபதி அன்று. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாகாது.

அம்மையார் கொண்டுவந்த மற்றொரு தாளைப் படித்தபோதுதான் என் நெஞ்சம் கலங்கியது. தோட்டத் தொழிலாளரைக் காக்க நேட்டாலில் ஓர் அதிகாரி இருந்தார். 'பாதுகாவலர்' என்பது அவர் பதவிப் பெயர். ஊர் திரும்பியவர்கள் சென்னையில் இறங்கித் தங்கள் துன்பங்களை எடுத்துச் சொன்னதன் விளைவாக, 1872-இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதன் பின்னர் ஏற்பட்ட பதவி இது. குறையைச் சொல்ல இவரிடம் போகலாம். ஆனால், தோட்டக்காரனிடம் சீட்டுப் பெறாமல் தோட்டத்தை விட்டு வெளியேறினால் குற்றம்! அடித்தவனிடமே போய், "நீ அடித்ததைச் சொல்லப் போகிறேன், சீட்டுக் கொடு" என்று கேட்க வேண்டும்! இந்த விந்தைச் சட்டத்தில் நம் பூட்டனாரும் சிக்கினார். அளந்து தர வேண்டிய அரிசி குறைகிறது என்று சொல்ல, சீட்டின்றி நடந்தே போனார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டார். அரை பக்கம். அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கீறல். முறையீடு என்னாயிற்று என்பதற்குத் தாள் இல்லை. சீட்டின்றி வெளியேறியதற்காக அவர் ஏழு நாள் சிறையிருந்தார் என்பதற்குத் தாள் இருக்கிறது!

குடும்பக் கதையில் அவர் நிலக்கிழார் மகன். ஏட்டில் அவர், அரிசிக் கணக்குக் கேட்கத் தனியாக நடந்து போன மனிதர். இவ்விருவரில் எவர் பெரியவர்? நான் அம்மையாரைக் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "தம்பி, அந்தக் கதையை நான் இப்போது என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. இந்தத் தாளைப் படித்துக் காட்டுகிறேன்."

இனி ஊரைத் தேடிய கதை. பட்டியலில் மாவட்டம் வட ஆர்க்காடு என்று தெளிவாக இருந்தது. நேட்டாலுக்கு மிகுதியாக மக்களை அனுப்பிய மாவட்டங்களுள் அது ஒன்று. தாலுகாக் கட்டத்தில் மை படர்ந்து எழுத்து மறைந்திருந்தது. ஊரின் பெயரைப் பத்து முறை உரக்கப் படித்துப் பார்த்து, இன்ன பெயராக இருக்கலாம் என்று தெளிந்தோம். ஆனால் பழைய வட ஆர்க்காடு இன்று ஒரே மாவட்டமாகவா இருக்கிறது? 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1953-இல் ஆந்திரத்தோடு போயிற்று. திருத்தணி மட்டும் 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிற்று. எஞ்சிய பகுதி 1989-இல் இரண்டாகவும், அதில் ஒரு பகுதி 2019-இல் மூன்றாகவும் பிரிந்தது. எங்கள் கணக்கில் அதே பெயருடைய ஊர்கள் மூன்று. இரண்டு இங்கே, ஒன்று சித்தூர்ப் பக்கம்.

சென்னை எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. செந்நிறக் கட்டடம், பழைய அரசாங்க ஏடுகளெல்லாம் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்று ஊர்களின் நிலப் பதிவேடுகளையும் நாடினோம். யாருக்கு எத்தனை ஏக்கர், நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்றெல்லாம் வகையாக எழுதியிருந்தது. அந்த ஏட்டில் நிலம் உடையவன் இருந்தான். நிலத்தை உழுதவன் இல்லை! பிறப்புப் பதிவைப் பார்க்கலாம் என்றால், சென்னை மாகாணத்தில் ஊர்ப்புறப் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வதற்கான சட்டமே 1899-இல்தான் வந்தது. அவர் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார்.

தோழர்களே! இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் சிந்தித்தேன். இருபத்து நான்கு ஆண்டுகள் அந்த மனிதர் நம் மண்ணில் வாழ்ந்தார். பிறந்தார், வளர்ந்தார், ஏர் பிடித்தார், முழங்காலில் காயம் பட்டார். இருந்தும், அவர் வாழ்ந்தார் என்பதற்கு இந்த மண்ணில் ஓர் எழுத்துச் சான்றில்லை. அவரை விலைக்கு வாங்கியவனின் ஏட்டில் பெயர் இருக்கிறது. அவரைப் பெற்ற ஊரின் ஏட்டில் பெயர் இல்லை. வெள்ளைக்காரன் அவரை எண்ணாக எழுதினான். நாம்? எண்ணாகக்கூட எழுதவில்லையே! அயலானின் கொடுமையைப் பேசும்போது நம் குரல் உயர்கிறது, உயரட்டும். ஆனால், அவரைக் கப்பல் வரை துரத்திய வறுமையும் தீண்டாமையும் கடலுக்கு இப்பால் விளைந்தவை என்பதை மறந்துவிட்டுப் பேசினால், பாதி உண்மையை விழுங்கியவர் ஆவோம்.

மூன்று ஊர்களில் அருகிலிருந்த ஊருக்கு இருவரும் போனோம். ஊர் வேறு, காலனி வேறு என்று இன்றும் இரண்டாகக் கிடக்கும் ஊர். டர்பனிலிருந்து ஒருவர் வேர் தேடி வந்திருக்கிறார் என்ற செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் அம்மையாரின் பட்டத்தைக் கேட்டு முகம் மலர்ந்தார். "நம்ம வீட்டுப் பெண்ணாயிற்றே! உங்கள் குலதெய்வம் இங்கேதான் இருக்கிறது. உங்கள் பூட்டனார் பிறந்த வீட்டையும் காட்டுகிறேன்" என்றார். கோயில் திருப்பணி நடப்பதைப் பற்றியும் இரண்டொரு சொல் சொன்னார். பத்து நிமிடத்தில் ஒரு வமிசமே தயாராகிவிட்டது! அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கைப்பையிலிருந்த தாளை எடுத்தார். சாதிக் கட்டத்தைத் தம் விரலால் சுட்டிக்காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். பெரியவரின் முகம் மாறிற்று. வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தார். தயாரான வமிசம் பத்து நொடியில் கலைந்தது!

காலனிக்குப் போனோம். அங்கே எவரும் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரு மூதாட்டி மட்டும், தம் மாமியார் காலத்தில் 'கரும்புக் காட்டுக்குப் போனவர்கள்' என்று ஒரு பேச்சு இருந்ததாகச் சொன்னார். "இந்த ஊர்தான் என்று சொல்ல முடியுமா?" என்று அம்மையார் என்னைக் கேட்டார். கண்களில் ஆவல் ததும்ப நின்றார். ஆம் என்று சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார். எனக்கும் அது எளிதாக இருந்திருக்கும். ஆனால், "மூன்றில் ஒன்று, அம்மா. எது என்று சொல்லச் சான்று இல்லை" என்றேன். சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்த மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கொடுத்த சோற்றை உண்டார். "மூன்று ஊரும் என் ஊர் என்று வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

ஊர் கிடைக்காமல் திரும்பிய அவரைக் கண்டு நான் இரங்கவில்லை. பொய்யான ஊர் ஒன்றை வாங்கிக்கொண்டு போகாமல் மெய்யான ஐயத்தோடு திரும்பினாரே, அதுவே பகுத்தறிவு. சான்று உள்ள இடம்வரை நடக்க வேண்டும். சான்று முடிந்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும்.

இவ்வாறு தேடுகிறவர் இந்த அம்மையார் ஒருவர் மட்டும் அல்லர். மொரீசியசில் 1867-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடித்த தொழிலாளி தன் ஒளிப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. இல்லையேல் காவலர் பிடித்துக்கொள்வர். பிடிப்பதற்காக எடுத்த அந்தப் படங்களே, இன்று அங்குள்ள குடும்பங்களுக்குத் தங்கள் முன்னோரின் முகங்கள். அந்தத் தீவில் அவர்கள் இறங்கிய படித்துறை 2006-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1903-இல் கல்கத்தாவிலிருந்து கயானாவுக்குக் கருவுற்ற நிலையில் தனியே கப்பலேறிய சுஜாரியா என்னும் பெண்ணின் தடத்தை, அவருடைய கொள்ளுப்பேத்தி காயுத்ரா பகதூர் ஏடுகளில் தேடி, 2013-இல் நூலாகவே வெளியிட்டார். அடக்கி ஆள எழுதிய ஏடுகளிலிருந்து அடக்கப்பட்டவரை மீட்டெடுக்கும் வேலை உலகெங்கும் நடந்துகொண்டிருக்கிறது.

நாம் என்ன செய்யப் போகிறோம்? விடுமுறை முடிந்து பள்ளி திறந்தவுடன் என் வகுப்பு மாணவர்க்கு ஒரு வேலை கொடுத்தேன். பாட்டன் பாட்டியிடம் சென்று, அவர்களுடைய பெற்றோரின் பெயர், செய்த தொழில், பிழைக்கச் சென்ற ஊர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வரவேண்டும். கேட்டது கதையா, சான்றுள்ளதா என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும் என்றேன். சாதிக்குக் கட்டம் போடவில்லை. நாற்பத்தொரு பேர் எழுதி வந்தார்கள். கல் உடைத்தவர், செங்கல் அறுத்தவர், ரங்கூனுக்குப் போய்த் திரும்பாதவர், கொழும்புத் தோட்டத்தில் தேயிலை பறித்தவர் எனப் பலர் அந்தத் தாள்களில் எழுந்து நின்றார்கள். ஒரு மாணவன் மட்டும் வெறுந்தாளை நீட்டி, "எங்க பாட்டிக்கு அவங்க அப்பா பேரு மறந்துபோச்சு, சார்" என்றான். "அதையே எழுதி, இன்றைய தேதியையும் போடு" என்றேன். எழுதினான்.

டர்பனிலிருந்து அம்மையாரின் மடல் சென்ற வாரம் வந்தது. தம் பெயரோடு ஒட்டிய பட்டத்தை நீக்கிக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறாராம். அதற்குப் பதிலாகப் பூட்டனாரின் பெயரையே குடும்பப் பெயராகக் கேட்டிருக்கிறாராம். நூறாண்டுக்கு மேலாக ஓர் எண்ணின் பின்னே ஒளிந்திருந்த பெயர், இனி ஒரு பெண்ணின் பெயரோடு நடக்கப் போகிறது. பெற்ற ஊர் எழுத மறந்ததைப் பெயர்த்தி எழுதிவிட்டார். இளைஞர்களே! உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு முதியவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்றால், இன்று மாலையே ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மெய்க்கீர்த்தி மன்னனோடு போகட்டும். உழைத்தவனின் பெயரை நாம் எழுதுவோம்!